பெல்ட் முக்கியமா, கை முக்கியமா?

நம் சங்கக் குடும்பங்களில் இன்று பள்ளிப் பிள்ளைகள் முதல் கல்லூரிப் பெண்கள் வரை பலர் குங்ஃபூ வகுப்புக்குப் போகிறார்கள். நல்ல விஷயம். சொந்த ஊரை விட்டு வந்து, உற்றார் உறவினர் துணையின்றிப் பெரிய நகரத்தில் வாழ்கிறோம். டியூஷன் முடிந்து இரவு எட்டு மணிக்குத் தனியாக பஸ்ஸில் வரும் பெண் வீடு வந்து சேரும் வரை நமக்கு நிம்மதி இல்லை. அந்தக் கவலையில்தான் பீஸ் கட்டுகிறோம். ஆனால் கட்டிய மூன்றாம் மாதமே மாஸ்டரிடம் போய், "அடுத்த பெல்ட் எப்போது சார்?" என்று கேட்கிறோம். நாம் கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல என்பது என் தாழ்மையான கருத்து.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் குத்தத் தெரியாது. ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் காலம் கழித்த டிப்ளமோக்காரன் நான். இரண்டு வருடமாகப் பேத்தியை விங் சுன் வகுப்புக்கு அழைத்துப் போய், பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கிறேன். விசை எங்கே புறப்படுகிறது, எங்கே போய்ச் சேருகிறது என்று பார்ப்பது என் தொழில் புத்தி. அந்தக் கண்ணோடு பார்த்ததில் தோன்றியவை இவை.

விங் சுன் தென் சீனத்தின் குவாங்டாங் மாகாணத்தில் வளர்ந்த கலை. ஒரு பௌத்தப் பெண் துறவி கற்பிக்க, விங் சுன் என்ற இளம்பெண் கற்றுத் தன்னை வற்புறுத்தி மணக்க வந்த முரடனை வென்றாள் என்று கதை சொல்வார்கள். ஆவணச் சான்று உள்ள கதை அல்ல. ஆனால் உடல் பலம் குறைந்தவர் பலசாலியைச் சமாளிப்பது எப்படி என்ற கேள்விதான் இக்கலையின் அடிப்படை என்பதை அது நன்றாகவே சொல்கிறது. ஃபோஷான் நகரில் 1893-இல் பிறந்த இப் மான், 1949-இல் ஹாங்காங் சென்று, மறு ஆண்டு முதல் ஓட்டல் தொழிலாளர் சங்க இடத்தில் இதைக் கற்பித்தார். 1972-இல் காலமானார். அவருடைய மாணவர்களில் ஒருவர்தான் நம் எல்லோருக்கும் தெரிந்த புரூஸ் லீ.

இதன் குத்தைப் பாருங்கள். சினிமாவில் வருவது போலக் கையைப் பின்னால் இழுத்து, வளைத்து வீசுவதில்லை. கட்டைவிரல் மேலே இருக்கும்படி முஷ்டியை நிமிர்த்திப் பிடித்து, நெஞ்சின் நடுவிலிருந்து எதிரியின் நடுவுக்கு நேர்கோட்டில் செலுத்துகிறார்கள். முழங்கை கீழே தாழ்ந்து, முஷ்டிக்கு நேர் பின்னால் வர வேண்டும். தோள் தூக்கக் கூடாது. படும் கணம் வரை கை தளர்ந்தே இருக்க வேண்டும். ஒரு கை திரும்பும்போதே மறு கை அதன் மேலாகப் புறப்படும்.

முழங்கை ஏன் பின்னால் வர வேண்டும்? மே மாத வெயிலில் தண்டவாளம் விரிய முயலும்போது உள்ளே பெரும் அழுத்தம் ஏறும். லைன் நேராக இருந்தால் தாங்கும். எங்கேனும் சிறு கோணல் இருந்தால், அந்த இடத்தில்தான் பக்கவாட்டில் பிதுங்கும். மணிக்கட்டும் அப்படித்தான். முஷ்டி, மணிக்கட்டு, முழங்கை மூன்றும் வரிசையில் இருந்தால் எதிர்விசை உடல் வழியாகக் குதிகாலுக்கு இறங்கும். வரிசை தப்பினால் குத்தியவர் கைதான் மடங்கும். பழக்கமில்லாதவர் மண்டையில் குத்தினால் சுண்டுவிரலுக்குப் பின்னுள்ள எலும்பு முறிவது டாக்டர்கள் அடிக்கடி பார்க்கும் காயம். இக்கலையில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் தாக்கும் அடியும் முதல் பாடத்திலேயே இருக்கிறது. புதிதாகக் கற்கும் பெண்ணுக்கு அது முஷ்டியை விடப் பத்திரமானது.

அடுத்தது தடுக்கும் கைகள். தான் சாவ், போங் சாவ், ஃபூக் சாவ் என்று மூன்று. 'சாவ்' என்றால் அவர்கள் மொழியில் கை. நம் காதுக்கு அபசகுனமாகக் கேட்கும், பயப்பட வேண்டாம்! தான் சாவ் என்பது உள்ளங்கை மேல்நோக்க, முன்கையை நடுக்கோட்டில் முன்னே நீட்டுவது. போங் சாவ் பறவையின் சிறகு போல முழங்கையை உயர்த்தி முன்கையைச் சரித்து வைப்பது. ஃபூக் சாவ் எதிரியின் கைமேல் நம் கையைப் படியவைத்து அடக்குவது. மூன்றிலும் ஒரே தத்துவம்: வரும் பலத்தோடு மோதாதே, அதன் வழியைச் சற்றே மாற்று.

ரயில்வேக்காரனுக்கு இது சட்டென்று விளங்கும். ஆயிரக்கணக்கான டன் சரக்கு ரயிலை லூப் லைனுக்குத் திருப்புவது எது? பாயிண்டில் உள்ள டங் ரயில். அதன் நுனி சில மில்லிமீட்டர்தான். வண்டியை அது எதிர்த்து நிற்பதில்லை, சிறு கோணத்தில் வழி காட்டுகிறது. ஆனால் நுனி சரியாக ஒட்டிப் பூட்டியிருக்க வேண்டும். இடைவெளி விட்டால் வண்டி தடம் புரளும். முழங்கை இடம் மாறிய தான் சாவும் அப்படியே. பார்க்க அழகாக இருக்கும், அடி உள்ளே வந்துவிடும்.

இந்தத் துல்லியம் வருவதற்குத்தான் 'சியு நிம் தாவ்' என்ற முதல் பயிற்சி வரிசை. 'சிறு எண்ணம்' என்று பொருள். நின்ற இடத்தை விட்டு ஓர் அடி நகராமல், கைகளை மட்டும், அதுவும் முதல் பகுதியில் மிக மெதுவாக இயக்க வேண்டும். இதைப் பார்த்துத்தான் பெற்றோர் சிலர், "மூன்று மாதமாக நின்ற இடத்திலேயே கையை ஆட்டுகிறாள், வேறு வகுப்பில் ஓடு உடைக்கிறார்கள்" என்று குறைப்படுகிறார்கள். இதற்குப் பின் 'சீ சாவ்' வருகிறது. இருவர் முன்கைகளை ஒட்டி உருட்டியபடி, எதிராளியின் அழுத்தம் எந்தப் பக்கம் போகிறது என்பதைத் தொடு உணர்ச்சியால் அறிவது. நெருக்கத்தில் கண்ணால் பார்த்துச் செய்வதை விடத் தொட்டு உணர்ந்து செய்வது விரைவு. இதை ஓடு உடைத்துக் கற்க முடியாது.

வளரும் பிள்ளைகளின் எலும்பு நுனிகளில் வளர்ச்சிக் குருத்துகள் உண்டு. பதின்வயதின் பிற்பகுதி வரை அவை முழுதாக மூடுவதில்லை. அந்த வயதில் செங்கல்லையும் ஓட்டையும் அடிக்க வைப்பது கைதட்டலுக்காகக் கையைப் பணயம் வைப்பதாகும். கலர் பெல்ட்டோ, ஜப்பானிய ஜூடோவிலிருந்து மற்றக் கலைகளுக்குப் பரவிய ஏற்பாடு. விங் சுன் மரபில் அது இருந்ததில்லை. பிள்ளைகளுக்கு ஊக்கம் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். கொடுக்கட்டும். ஆனால் பெல்ட்டுக்காகப் பாடம் ஓடக் கூடாது. இடுப்பில் நிறம் ஏறி, கையில் ஒன்றும் ஏறாத பெண்ணுக்கு வரும் அசட்டுத் துணிச்சல், பயத்தை விட ஆபத்தானது.

இன்னொன்று. 2011-இல் 'ஏழாம் அறிவு' படம் வந்தது முதல், "இதெல்லாம் காஞ்சிபுரத்துப் போதிதர்மர் கொடுத்தது, நம் இரத்தத்திலேயே இருக்கிறது" என்று நம் கூட்டங்களில் சொல்லக் கேட்கிறேன். போதிதர்மரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்பு 547-ஆம் ஆண்டு வாக்கிலானது. அதில் சண்டைக்கலை பற்றிப் பேச்சே இல்லை. அவரை உடற்பயிற்சியோடு சேர்த்துப் பேசும் 'யிஜின் ஜிங்' நூல் பதினேழாம் நூற்றாண்டினது. நமக்குச் சிலம்பமும் குத்துவரிசையும் இருக்கின்றன. பெருமைக்கு அவை போதும். எந்தக் கலையானாலும் இரத்தத்தில் வராது. அடி மேல் அடி அடித்தால்தான் அம்மியும் நகரும்.

ஆகவே பெற்றோருக்கு என் வேண்டுகோள் இது. ஒரு நாள் வகுப்பில் போய் உட்காருங்கள். மாஸ்டர் பிள்ளைகளின் முழங்கையைத் தொட்டுத் திருத்துகிறாரா? இருவராக நிறுத்திப் பயிற்சி தருகிறாரா? அடித்து வெல்வதை விட, பிடியை விலக்கி, வழி கிடைத்ததும் ஓடி வந்துவிடச் சொல்லித் தருகிறாரா? மூன்றுக்கும் ஆம் என்றால் பெல்ட்டைப் பற்றிக் கேட்காமல் பீஸைக் கட்டுங்கள்.

சங்கக் கமிட்டிக்கும் ஒரு விண்ணப்பம். ஆண்டு விழா மேடையில் ஓடு உடைக்கும் ஐட்டத்தை இனி நிறுத்திவிட்டு, பிள்ளைகள் சியு நிம் தாவ் செய்துகாட்ட ஐந்து நிமிடம் கொடுங்கள். சினிமாப் பாட்டு நடனத்துக்குக் கிடைக்கும் கைதட்டல் அதற்குக் கிடைக்காது. நாமாவது தட்டுவோம். மாற்றுக் கருத்து உள்ள அன்பர்கள் தாராளமாக எழுதுங்கள்.