எத்தனை பேர்? எத்தனை நாள்?

சரக்கு யார்டில் பணிபுரிவோர் அறிந்த கணக்கு ஒன்று உண்டு. இரண்டு யார்டுகளில் நூறு நூறு பெட்டிகள் நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றில் இன்று வந்த பெட்டி நாளை மறுநாள் புறப்பட்டுவிடுகிறது. மற்றதில் அதே நூறு பெட்டிகள் மாதக்கணக்கில் துருவேறி நிற்கின்றன. தொகை ஒன்றே, ஆயினும் இரண்டாவது யார்டு நோயுற்றது என்பதை யாரும் சொல்லிவிடுவர். ஆகவேதான் ரயில்வே நிர்வாகம், ஒரு பெட்டி சரக்கை இறக்கி மறுபடி ஏற்றிச் செல்ல எத்தனை நாள் ஆகிறது என்பதையும் கணக்கிடுகிறது.

வேலையில்லாத் திண்டாட்டத்தையும் இவ்வாறே அளக்க வேண்டும். நூற்றுக்கு இத்தனை பேர் என்று பத்திரிகைகளில் படிக்கிறோம். சென்ற வாரம் ஒரு வேலையை விட்டவனும், மூன்றாண்டுகளாகத் தேடிச் சலித்தவனும் அந்தத் தொகையில் ஒன்றாகவே எண்ணப்படுகின்றனர்.

அமெரிக்காவில் 27 வாரமும் அதற்கு மேலும் வேலையற்றிருப்போரைத் தனியே எண்ணுகிறார்கள். 2020 ஏப்ரலில், கொள்ளை நோயின்போது, அங்கே வேலையின்மை 14 விழுக்காட்டையும் தாண்டியது; எனினும் பலர் சில மாதங்களிலேயே பணிக்குத் திரும்பினர். 2010 ஏப்ரலில் அது 10 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவே. ஆனால் வேலையற்றோரில் நூற்றுக்குச் சுமார் 45 பேர் அரையாண்டுக்கு மேல் காத்திருந்தவர்கள். அந்தப் புண் ஆற ஆண்டுகள் பல ஆயின.

நம் நாட்டிலோ, அரசாங்கக் கணக்கெடுப்பின்படி 2017-18இல் 6 விழுக்காடாக இருந்த வேலையின்மை 2023-24இல் 3.2 ஆகக் குறைந்தது. மகிழத்தக்க செய்தியே. ஆனால் அந்தக் கணக்கின் முறையையும் அறிந்துகொள்ள வேண்டும். ஆண்டின் பெரும்பகுதி வேலை தேடியவனும், இடையே 30 நாள் ஏதேனும் தொழில் செய்திருந்தால் வேலையுள்ளவனே. தகப்பனாரின் கடையில் சம்பளமின்றி உதவுபவனும் அப்படியே. தேர்வுக்குப் படிக்கிறேன், வேறு வேலை தேடவில்லை என்பவன் கணக்கிலேயே சேரான். பட்டம் பெற்ற பெண்ணின் காத்திருப்போ, "வீட்டு வேலை" என்ற ஒரு சொல்லில் மறைந்துபோகிறது.

அவர்களைக் காண விரும்புவோர் நம் ஐதராபாத்தின் சிக்கடபள்ளி நூலகத்துக்கும் அசோக் நகருக்கும் சென்று பார்க்கட்டும். தெலுங்கானா மாநிலம் 2014இல் பிறந்தது. அதன் முதல் குரூப்-1 அறிவிப்பு 2022 ஏப்ரலில்தான் வந்தது. இடங்கள் 503, விண்ணப்பித்தோர் சுமார் 3 லட்சத்து 80 ஆயிரம் பேர். அந்த ஆண்டு அக்டோபரில் நடந்த முதல்நிலைத் தேர்வு, வினாத்தாள் வெளியான காரணத்தால் 2023 மார்ச்சில் ரத்தாயிற்று. ஜூனில் மறுபடி நடந்ததை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2024இல் புதிய அறிவிப்பு வந்து, அக்டோபரில்தான் முதன்மைத் தேர்வு நடந்தது. இத்தனைக்கும் நடுவே வாலிபரின் வயது மட்டும் நிற்கவில்லை.

செகந்திராபாத் நிலையத்தில் 2022 ஜூன் 17 அன்று ரயில் பெட்டிகள் எரிந்ததையும், துப்பாக்கிச் சூட்டில் ஓர் இளைஞன் மாண்டதையும் நாம் மறக்கவில்லை. அங்கே திரண்டவர்களில் பலர், இராணுவ உடற்தகுதித் தேர்வில் தேறி, எழுத்துத் தேர்வுக்காக நெடுங்காலம் காத்திருந்தவர்கள். அக்னிபத் திட்டம் வந்ததும் அந்தக் காத்திருப்பு வீணாயிற்று. தீ வைத்தது குற்றமே. ஆனால் அந்தத் தீக்கு விறகு பல மாதங்களாக உலர்ந்துகொண்டிருந்தது.

நீண்ட காத்திருப்பு மனிதனை என்ன செய்யும்? ஆஸ்திரியாவின் மரியன்தால் என்ற சிற்றூரில் ஆலை மூடப்பட்டபின் நடந்த ஆராய்ச்சி 1933இல் வெளியாயிற்று. பொழுது நிறைய இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்போர் குறைந்தனர். வீதியில் ஆண்களின் நடையே தளர்ந்தது. சிக்கடபள்ளியில் நாற்காலிகள் இன்னும் நிறைந்திருக்கின்றன. அந்த ஊக்கம் வற்றுமுன் வழி பிறக்க வேண்டும்.

அரசாங்கம் காலிடங்களின் எண்ணிக்கையோடு, அறிவிப்புக்கும் நியமனத்துக்கும் இடையே ஆன நாட்களையும் ஆண்டுதோறும் வெளியிடட்டும். நம் குடும்பங்களுக்கும் ஒரு கடமை உண்டு. தேர்வுக்கு இத்தனை ஆண்டு என்று பிள்ளைகளோடு கலந்து ஓர் எல்லை குறித்துக்கொள்வோம். அக்காலத்திலேயே கைத்தொழில் ஒன்றையும் பழகச் செய்வோம். பட்டாளத்தையும் ரயிலையும் நம்பி இவ்வூருக்கு வந்த முன்னோர் பலர் நம்மிடையே உண்டு. பிழைக்க ஒரு வழிதான் என்று அவர்கள் இருந்துவிடவில்லை. கல்யாண வீட்டில் "பையனுக்கு இன்னும் வேலை ஆகவில்லையா?" என்று பலர் நடுவே கேட்பதை விடுத்து, "எத்தனை நாளாகத் தேடுகிறாய் தம்பி? நான் யாரிடமாவது சொல்லட்டுமா?" என்று தனியே கேட்போமாக.