ஸ்பிரிங்கை மாற்றும் முன் பானெட்டை ஒருமுறை அமுக்கிப் பாருங்கள்!

போன மாதம் தாம்பரத்திலிருந்து வேளச்சேரிக்குப் போய்க்கொண்டிருந்தோம். அப்பா ஓட்ட, பின் சீட்டில் அம்மா, பாட்டி, நான். சேலையூர் தாண்டியதும் குறுக்கே ஒரு பைக். அப்பா ஸ்டீயரிங்கைச் சட்டென்று ஒடித்தார். கார் ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் சாய்ந்து, அப்புறம்தான் நேரானது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால், மேடவாக்கம் வரும்வரை பாட்டி கைப்பிடியை விடவே இல்லை.

அன்று இரவே போனும் கையுமாக உட்கார்ந்துவிட்டேன். காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங், ஸ்போர்ட்ஸ் ஷாக் அப்சார்பர் என்று வீடியோ வீடியோவாக ஓடியது. ஆசை யாரை விட்டது? அப்பாவின் திட்டம் நேர் எதிர். ஐந்து பேர் ஏறினால் ஸ்பீடு பிரேக்கரில் அடி தட்டுகிறதே, ஸ்பிரிங் நடுவில் ரப்பர் பஃபர் வைத்துத் தூக்கிவிடலாம் என்றார்.

கேம்ப் ரோடு பக்கம் இருக்கும் எங்கள் மெக்கானிக் அண்ணன் இரண்டையும் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. பானெட்டின் ஓரத்தை பாரம் கொடுத்து அமுக்கி, கையை எடுத்தார். கார் எழுந்து, இறங்கி, மறுபடி எழுந்து, இன்னொரு முறை தலையாட்டியது.

“நல்ல ஷாக் அப்சார்பர்னா எழுந்ததும் அடங்கிடணும்மா.”

விஷயம் இதுதான். வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அமுங்கிய ஸ்பிரிங் துள்ளிக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷாக் அப்சார்பர். உள்ளே இருக்கும் ஆயில் சின்னத் துளைகள் வழியே சிரமப்பட்டுப் போவதால்தான் அந்தத் துள்ளல் அடங்குகிறது. சீல் தேய்ந்து ஆயில் கசிந்துவிட்டால், ஸ்பிரிங்கைக் கேட்க ஆளில்லை. மேடு பள்ளத்தில் டயர் ரோட்டை அழுத்திப் பிடிக்காது. பிரேக் அடித்தாலும் வண்டி தள்ளிப்போய்தான் நிற்கும். மழை நாளில் ஜி.எஸ்.டி ரோட்டில் இதை நினைத்துப் பாருங்கள்.

எங்கள் காருக்கு 9 வயது. முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டிலும் கசிவு. லோயர் ஆர்ம் புஷ்ஷில் வெடிப்பு. டிக்கியில் ஜாக்கிதான் உருள்கிறது என்று ஒரு வருடமாக நாங்கள் நினைத்திருந்த ‘கடகட’ சத்தம், தேய்ந்துபோன லிங்க் ராடு!

சரி, என் ஸ்போர்ட்ஸ் ஸ்பிரிங்? வழவழப்பான ரோட்டில் வளைவில் சாய்வது குறையும், உண்மைதான். ஆனால், முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் 2015 வெள்ளத்தைப் பார்த்தவர்களிடம் காரைத் தாழ்த்தலாமா என்று கேட்டுப் பாருங்கள்! ஸ்பீடு பிரேக்கர் வேறு. இந்தியச் சாலைப் பேரவையின் அளவுப்படி அது 10 செ.மீ உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும், 25 கி.மீ வேகத்தில் கடக்கலாம். எங்கள் தெருவில் இருப்பது படுத்திருக்கும் எருமை மாதிரி.

அப்பாவின் பஃபருக்கும் அண்ணன் தலையாட்டவில்லை. உயரம் கொஞ்சம் கூடும். ஆனால், ஸ்பிரிங் முழுசாக அமுங்க முடியாது, குலுக்கல் நேராக முதுகுக்கு வரும். உயரம் கூடினால் சாய்வதும் கூடும். ஸ்பிரிங்கே தளர்ந்து உட்கார்ந்திருந்தால், அதே மாடலுக்கான புது ஸ்பிரிங் போடுவதுதான் சரி. கம்பெனி அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கடிவாளம் போடுகிறது. இன்ஷூரன்ஸ் கிளெய்மில் கேள்வி வரலாம் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

முன்பக்க ஷாக் அப்சார்பரை ஜோடியாக மாற்றினோம். ஒன்றை மட்டும் மாற்றினால் இரண்டு சக்கரமும் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். கூடவே புஷ், லிங்க் ராடு, கடைசியில் வீல் அலைன்மென்ட். இத்தனைக்கும் முன்னால் அண்ணன் செய்த முதல் வேலை, டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து டயருக்குக் காற்று நிரப்பியது. நான்கில் மூன்று டயரில் காற்று குறைவு! ஆசை இன்னும் மிச்சம் இருந்தால், அதே உயரத்துக்கான கேஸ் ஷாக் அப்சார்பரோ, தரமான டயரோ போடலாம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அதே ரோட்டில் போனோம். பாட்டி பள்ளிக்கரணை வரை தூங்கிக்கொண்டே வந்தார். பின்பக்க ஜோடி, அடுத்த மாதம் என் சம்பளத்தில்.