பள்ளியில் செவிலியர் உதவியாளர் பயிற்சி: முதல் படியோடு நிற்கும் ஏணி

புதுதில்லி: நோயாளியைப் படுக்கையில் பக்கம் மாற்றிப் படுக்க வைத்தல், உடல் வெப்பமும் நாடித்துடிப்பும் பார்த்துக் குறித்தல், மருத்துவக் கழிவுகளை நிறவாரியாகப் பிரித்தல் ஆகியவை மருத்துவமனைகளில் அன்றாடம் நடக்கும் வேலைகள். இவற்றைப் பதினாறு, பதினேழு வயது மாணவிகளுக்குப் பள்ளியிலேயே கற்பிக்கும் தொழிற்கல்வி, பல மாநிலங்களின் அரசுப் பள்ளிகளில் நடந்து வருகிறது. நோக்கத்தில் குறை காண இடமில்லை. படித்து முடித்த மாணவி எங்கே போய் நிற்கிறாள் என்பதில்தான் சிக்கல்.

2012ஆம் ஆண்டு ஹரியானாவில் 40 பள்ளிகளில் சோதனை முறையில் தொடங்கிய புதிய தொழிற்கல்வித் திட்டம், 2013 டிசம்பரில் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு அறிவிக்கப்பட்ட பின் பிற மாநிலங்களுக்கும் விரிந்தது. 2018 முதல் அது சமக்ர சிக்ஷா திட்டத்தின் ஒரு பகுதி. அதில் சுகாதாரத் துறைக்கு உரிய பணியின் பெயர் 'ஜெனரல் டியூட்டி அசிஸ்டன்ட்'. மேல்நிலை வகுப்புகளில் செவிலியத்தைத் தொழிற்கல்விப் பாடமாக வெகுகாலம் கண்ட தமிழகத்துக்கு இது புதுமையல்ல. 2025க்குள் மாணவர்களில் பாதிப் பேருக்காவது தொழிற்கல்வி அனுபவம் கிடைக்க வேண்டும் என்றது 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை. அந்த ஆண்டும் கடந்துவிட்டது.

இத்தகைய உதவியாளர்கள் எவ்வளவு தேவை என்பதைக் கொரோனா இரண்டாம் அலை உணர்த்தியது. 2021 ஜூனில் ஒரு லட்சம் பேருக்குக் குறுகிய காலப் பயிற்சி அளிக்கும் திட்டத்தைப் பிரதமர் தொடங்கி வைத்தார். அதே மாதத்தில் தில்லி அரசு, பிளஸ் 2 முடித்த 5,000 பேரை இரண்டே வாரத்தில் சுகாதார உதவியாளர்களாக்கப் போவதாக அறிவித்தது. நெருக்கடியில் இரண்டு வாரம் போதும் என்று கருதிய அரசுகள், பள்ளியில் ஆண்டுக்குச் சில நூறு மணி நேரம் பயின்றவர்களுக்கு நெருக்கடி இல்லாத காலத்தில் தரும் மதிப்பு என்ன?

இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த விதிகளின்படி, சுகாதாரப் பாடத்தைத் தொழிற்கல்வியாகப் படித்தவர்கள் துணைச் செவிலியர் (ஏ.என்.எம்.) படிப்பிலும் பொதுச் செவிலியர் (ஜி.என்.எம்.) பட்டயப் படிப்பிலும் சேரலாம். கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் பள்ளியில் கற்றதற்காக அங்கே ஒரு நாள்கூடக் குறைவதில்லை. மற்றவர்களோடு முதலாம் ஆண்டிலிருந்தே தொடங்க வேண்டும். பி.எஸ்சி. நர்சிங் பட்டத்துக்கோ இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் கட்டாயம். அவற்றைப் படிக்காத மாணவிக்கு அந்த வழி பதினோராம் வகுப்பிலேயே அடைபட்டு விடுகிறது.

மேற்படிப்புக்கு வசதியில்லாதவள் நேராக வேலைக்குப் போகலாம் என்பார்கள். போகலாம், ஆனால் அந்த வேலைக்குச் சட்டப்படியான அடையாளம் இல்லை. செவிலியர் பதிவேட்டில் அவளுக்கு இடமில்லை. துணை மருத்துவத் தொழில்களுக்காக 2021இல் இயற்றப்பட்ட சட்டம் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பைக் கோருவதால் அதிலும் அவள் வர மாட்டாள். சான்றிதழ் பெற்றவளும் பெறாதவளும் ஒரே ஒப்பந்ததாரரிடம் ஒரே கூலிக்கு நிற்பதைத் தடுக்க எந்த ஏற்பாடும் இல்லை.

அமெரிக்காவில் முதியோர் இல்லங்களில் பணிபுரியும் செவிலியர் உதவியாளருக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டம் கேட்பது குறைந்தபட்சம் 75 மணி நேரப் பயிற்சிதான். அங்கும் உயர்நிலைப் பள்ளிகள் பல இதைக் கற்பிக்கின்றன. ஆனால் பயிற்சி முடிந்ததும் தேர்வு உண்டு; தேறியவர்களின் பெயர் மாநிலப் பதிவேட்டில் ஏறும். பணியமர்த்துவோர் அந்தப் பதிவேட்டைப் பார்த்தாக வேண்டும். மணிக்கணக்கில் நம் பள்ளிகள் பின்தங்கவில்லை. இங்கே இல்லாதது அந்தப் பதிவேடுதான்.

அதை உருவாக்கப் பெரும் செலவு ஆகப்போவதில்லை. மத்திய சுகாதார அமைச்சகமும் கல்வி அமைச்சகமும் திறன் மேம்பாட்டு அமைச்சகமும் ஒரே மேசையில் அமர வேண்டும். தில்லியில் அதுதான் கடினம். பள்ளியில் பயின்ற நேரத்தில் ஒரு பகுதியையாவது துணைச் செவிலியர் படிப்பில் கணக்கில் கொள்ளலாமா என்பதையும் அப்போதே பேசி முடிக்கலாம். அதுவரை, பத்தாம் வகுப்பு முடித்து இப்பாடத்தைத் தேர்ந்தெடுக்க வரும் மாணவியிடம், பட்டப்படிப்பு வேண்டுமானால் அறிவியல் பாடங்கள் மூன்றையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்று சொல்லும் பொறுப்பு பள்ளிக்கு உண்டு. வட மாநிலக் கிராமப்புறங்களில் அறிவியல் பிரிவே இல்லாத மேல்நிலைப் பள்ளிகள் பல இருக்கின்றன. அங்கே அதைச் சொல்லியும் பயனில்லை.