ஓடாத வண்டிக்கு என்ன விலை?

கொல்கத்தாவில் செகண்ட் ஹாண்ட் வண்டி விற்பவர் முதலில் காட்டுவது மீட்டரை. "நாலாயிரம் கிலோ மீட்டர்தான் தாதா. ஏக்தம் நொதுன்." தாதா என்றால் இங்கே அண்ணன், பயப்பட வேண்டாம். நொதுன் என்றால் புதுசு. பயப்பட வேண்டியது இதற்குத்தான். பத்து வருடம் துணி போர்த்தி மூலையில் நின்ற வண்டி குறைவாக ஓடியிருக்கிறது என்பதை அவர் தகுதியாகச் சொல்கிறார். கங்கைக் கரையின் ஈரக்காற்றில் அது வண்டிக்கு எதிரான சாட்சியம்.

விஷயம் லேக் மார்க்கெட் பகுதியில் உள்ள ஒரு தமிழ்க் குடும்பத்திலிருந்து வந்தது. வீட்டுப் பையனுக்கு மண்பாதையில் ஓட்டும் பைக் வேண்டும். பவானிப்பூரில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் ஹீரோ இம்பல்ஸ் ஒன்று பல வருடமாக நிற்கிறது. வாங்கலாமா?

இம்பல்ஸ் மோசமான வண்டி இல்லை. அது முன்கூட்டியே பிறந்துவிட்ட வண்டி. ஹோண்டாவுடன் பிரிந்தபின் ஹீரோ நிறுவனம் 2011-ல் கொண்டு வந்தது. பிரேசிலில் ஹோண்டா விற்ற என்.எக்ஸ்.ஆர். 150 ப்ராஸ் வண்டியின் நெருங்கிய உறவு. 149.2 சி.சி. என்ஜின், 134 கிலோ எடை, தரையிலிருந்து 245 மில்லி மீட்டர் உயரம். சுமார் 13 குதிரை சக்திதான். நெடுஞ்சாலையில் மற்றவர்கள் முந்திப் போனார்கள்; குண்டு குழியில் இது முந்தியது. நம்மவர்கள் நெடுஞ்சாலையை வைத்தே தீர்ப்பு சொன்னார்கள். 2017-ல் தயாரிப்பு நின்றது. 2019-ல் எக்ஸ்பல்ஸ் 200 வந்து மண்பாதை மோகம் பரவியபின், மூலையில் கிடந்த இம்பல்ஸ்களுக்குத் திடீர் மவுசு. விற்பவருக்கும் அது தெரியும்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி மீட்டரைப் பற்றியது அல்ல. வண்டி எந்தத் தளத்தில் நின்றது?

2025 செப்டம்பர் 23-ம் தேதி, துர்கா பூஜைக்கு முந்தைய வாரம், கொல்கத்தாவில் 24 மணி நேரத்துக்குள் 250 மில்லி மீட்டரைத் தாண்டி மழை கொட்டியது. தேங்கிய தண்ணீரில் மின்சாரம் பாய்ந்து மனிதர்கள் இறந்தார்கள். கீழ்த்தளத்து வண்டியைப் பற்றி அன்று யார் கவலைப்பட்டிருப்பார்கள்? இது ஒரு நாள் கதையும் அல்ல. இந்த ஊரின் பல தெருக்களில் ஒவ்வொரு மழைக்காலமும் முழங்கால் தண்ணீர். எனவே வண்டியைப் பார்ப்பதற்கு முன் சுவரைப் பாருங்கள். வெள்ளம் வந்துபோன சுவரில் பழுப்புக் கோடு இருக்கும். அதே உயரம் வண்டியில் எங்கே வருகிறது என்று கண்ணால் அளந்துகொள்ளுங்கள். சக்கரத்தின் அச்சோடு நின்றால் பேரிங்குகளை மாற்றிச் சமாளிக்கலாம். என்ஜினுக்கு மேலே போயிருந்தால் டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வரலாம். வங்காளிகள் டீ கொடுக்காமல் அனுப்ப மாட்டார்கள்.

கோடு இல்லையா? பெட்ரோல் டாங்க் மூடியைத் திறந்து டார்ச் அடியுங்கள். உள்ளே செம்மண் நிறம் தெரிந்தால் துரு. அந்தப் பொடி கார்புரேட்டரின் ஊசித் துளைகளை அடைக்கும். பழைய பெட்ரோல் பிசினாகி அதே துளைகளை முன்பே அடைத்திருக்கும். "போன மாதம் புது பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தோம்" என்பார்கள். இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணமுடையது. 2011-ல் வடிவமைத்த வண்டியின் ரப்பர் குழாய்களும் வாஷர்களும் இந்தக் கலவைக்காகச் செய்தவை அல்ல.

ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லாதீர்கள். இதுதான் பலருக்கு விசித்திரமாகப் படும். நின்றுபோன என்ஜினில் சிலிண்டர் சுவரில் எண்ணெய்ப் படலம் வடிந்து போயிருக்கும், துருவும் பிடித்திருக்கலாம். அந்த நிலையில் ஓட விட்டால் பிஸ்டன் ரிங்குகள் சுவரைக் கீறும். பிளக்கைக் கழற்றி, சில சொட்டு ஆயில் விட்டு, கொஞ்சம் பொறுத்து, மேல் கியரில் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் மெல்ல உருட்டச் சொல்லுங்கள். இறுக்கமில்லாமல் சுழன்றால் பாதி நிம்மதி. நீங்கள் போகும்போதே என்ஜின் சூடாக இருந்தால் மட்டும் உஷாராகுங்கள். முதல் ஸ்டார்ட்டின் அவஸ்தையை உங்களுக்குக் காட்டாமல் மறைத்திருக்கிறார்கள்.

டயரைப் பற்றிச் சுருக்கமாக: பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 1412 என்றால் 2012-ம் ஆண்டின் 14-வது வாரம் செய்தது. பட்டன் தேயாமல் பளபளத்தாலும் அது கழற்றி எறிய வேண்டிய டயர். பேட்டரி, செயின், பிரேக் ஆயில் எல்லாம் புதிதாகப் போட வேண்டியவை என்றே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையான சிக்கல் முன்பக்க ஃபோர்க்கில் இருக்கிறது. மண்பாதை வண்டியின் உயிரே அந்த நீண்ட குழாய்கள்தான். வழவழப்பான எஃகில் துருப்பிடித்துப் புள்ளி விழுந்திருந்தால், எத்தனை ஆயில் சீல் மாற்றினாலும் அது அறுத்துத் தள்ளும். என்ஜின் சாமான்களுக்குப் பிரச்னையில்லை, ஹங்க்கும் சி.பி.இசட். எக்ஸ்ட்ரீமும் இதே குடும்பத்து என்ஜின். மல்லிக் பஜாரில் அரை நாள் அலைந்தால் கிடைக்கும். அந்தச் சந்தில் கிடைக்காத மோட்டார் உறுப்பு கிடையாது என்று கொல்கத்தாக்காரர்கள் சத்தியம் செய்வார்கள். ஆனால் இம்பல்ஸுக்கென்றே செய்த ஃபோர்க், முன் சக்கர ரிம், பிளாஸ்டிக் உறுப்புகள்? அவற்றுக்கு இன்னொரு செத்த இம்பல்ஸைத் தேட வேண்டும்.

ஆக, என் கணக்கு தலைகீழானது. தண்ணீர் காணாத, டாங்க் சுத்தமான, ஃபோர்க் வழவழப்பான வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றாலும் வாங்குவேன். மற்றவை கெட்டு ஸ்டார்ட் மட்டும் ஆகும் வண்டியை வாங்க மாட்டேன். இரண்டுக்கும் ஓடாத வண்டியின் விலைதான். 30,000 கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தட்டி ஓட்டும் நிலைக்குக் கொண்டுவரும் செலவை மெக்கானிக்கிடம் எழுதி வாங்கி, அதை 30,000-லிருந்து கழித்துப் பேச்சைத் தொடங்குங்கள். தாதா முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

இனி காகிதம். 2011 இறுதியில் பதிவான இம்பல்ஸுக்கு 2026 இறுதியில் 15 வயது நிறைகிறது. அதன்பின் ஓட்ட, வண்டியைக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 300 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 1,000 ஆனது. கட்டணம் பெரிதல்ல. 2022 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் கிழக்கு மண்டல அமர்வு, 15 ஆண்டு கடந்த வண்டிகளை, சொந்த வண்டிகள் உள்பட, கொல்கத்தாவிலிருந்தும் ஹௌராவிலிருந்தும் ஆறு மாதத்தில் அகற்றச் சொன்னது. உத்தரவு வேறு, தெரு வேறு என்பது நமக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் பணம் கொடுக்குமுன் வண்டி எண்ணோடு பெல்தலா மோட்டார் வாகன அலுவலகத்தில், புதுப்பிப்பார்களா என்று நேரில் கேட்பது நல்லது. நாளை சென்னைக்குக் கொண்டுபோகும் எண்ணமிருந்தால் என்.ஓ.சி. வாங்க வேண்டும், அங்கே வரியும் தனி.

பெயர் மாற்றாமல் ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர், விபத்து நஷ்டஈடும் அவர் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லிவிட்டது. விற்பவருக்கே இதை எடுத்துச் சொன்னால் அவர்தான் முதலில் பெல்தலாவுக்கு ஓடுவார்.

பவானிப்பூர் வண்டி காலமான ஒருவர் பெயரில் இருக்கிறது, விற்பவர் மருமகன். உரிமையாளர் இறந்தால் மூன்று மாதத்துக்குள் வாரிசு படிவம் 31 கொடுத்துத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். அது நடக்கவில்லை. வாரிசு பெயருக்கு வந்த பிறகுதான் படிவம் 29, 30 எல்லாம். மகன் ஒருவர், மகள்கள் இரண்டு பேர், ஒருவர் வெளிநாட்டில். அவர் பூஜைக்கு ஊருக்கு வருகிறாரா என்று முதலில் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.