60 லட்ச ரூபாய்க் கட்டை வண்டி

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லைசென்ஸ் எடுத்ததில்லை, ஆபீசுக்குக் கடைசி நாள்வரை சைக்கிளில்தான் போனேன். ஆனால் என் உத்தியோகத்தில் பத்தொன்பது வருடம் இலாகா வண்டிகளின் லாக் புக் என் மேஜையில்தான் இருந்தது. எந்த ஜீப்புக்கு எந்தத் தேதியில் டயர் மாற்றினார்கள், எத்தனை கிலோமீட்டரில் ஆயில் மாற்றினார்கள், எந்த வண்டி எதனால் ஒர்க்‌ஷாப்பில் போய்ப் படுத்தது என்று கை வலிக்க எழுதியவன் நான். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

போன தீபாவளிக்கு மாப்பிள்ளை ஒரு சொகுசு செடான் வாங்கினார். கம்பெனி பேர் வேண்டாம். எல்லாம் சேர்த்து 60 லட்சம் ஆயிற்று. என் வீட்டுக்காரிக்கு இடுப்பில் தட்டு விலகி ஆபரேஷன் நடந்து இரண்டு வருடம் ஆகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சென்னை போய் டாக்டரிடம் காட்ட வேண்டும். "இனிமே அத்தையை நம்ம கார்லயே கூட்டிட்டுப் போயிடலாம் மாமா" என்றார் மாப்பிள்ளை. நல்ல மனசு. அதில் எனக்குக் குறையே இல்லை.

புதுச்சேரியிலிருந்து கிளம்பிக் கோட்டக்குப்பம் தாண்டுவதற்குள் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மரக்காணத்தில் முகம் வெளுத்துவிட்டது. கதவை மூடினால் வெளிச்சத்தம் கேட்காது, தோல் சீட், சீட்டுக்குள்ளிருந்தே குளிர்காற்று, எல்லாம் இருக்கிறது. ஆனால் ரோட்டில் கிடக்கும் ஒவ்வொரு ஜல்லியும் முதுகெலும்பில் வந்து பேர் சொல்லிவிட்டுப் போகிறது. மகாபலிபுரத்தில் டீ குடிக்க இறங்கியபோது என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "வரும்போது நான் பஸ்ல வந்துடறேங்க."

இது வண்டியின் கோளாறு இல்லை, வேண்டுமென்றே செய்யப்பட்டது. டயரின் பக்கத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்தாலே தெரியும். மாப்பிள்ளை காரில் 245/40 ஆர் 19 என்று இருக்கிறது. டயரின் அகலம் 245 மில்லிமீட்டர். அந்த அகலத்தில் 40 சதவீதம்தான் பக்கச்சுவரின் உயரம், அதாவது 98 மில்லிமீட்டர். உள்ளே இருக்கும் ரிம் 19 அங்குலம். ரோட்டுக்கும் ரிம்முக்கும் நடுவே உள்ள காற்று அவ்வளவுதான். நாங்கள் அடுத்த முறை சென்னைக்குப் போன வாடகைக் காரில் குனிந்து பார்த்தேன்: 185/65 ஆர் 15. கணக்குப் போட்டால் 120 மில்லிமீட்டர். பத்து லட்சத்துக்குள் கிடைக்கும் வண்டிக்கு 120, 60 லட்ச ரூபாய் வண்டிக்கு 98. இது என்ன நியாயம்?

கேட்டால் ஷோரூம் பையன் "ஸ்போர்ட்டி லுக் சார்" என்கிறான். வளைவுகளில் வண்டி சாயாமல் திரும்புமாம். மணிக்கு 200 கிலோமீட்டரில் ஜெர்மனியின் ஆட்டோபானில் போகிறவனுக்கு அது தேவைதான், மறுக்கவில்லை. நம் வேகத்தடைகளை நினைத்துப் பாருங்கள். இந்தியச் சாலை காங்கிரஸ் அதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறது: 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், மணிக்கு 25 கிலோமீட்டரில் மெதுவாக ஏறி இறங்கும்படி. நம் ஊர்த் தெருக்களில் அப்படி ஒன்றை நீங்கள் பார்த்திருந்தால் எனக்கும் காட்டுங்கள். இங்கே இருப்பவை ஒரு முழ அகலத்தில் எழுப்பிய சுவர்கள். அதன்மேல் ரிம்மைக் காட்டிக்கொண்டு ஓடும் காருக்குச் 'சொகுசு' என்று பேர்.

காற்றடித்த டயரே சொகுசுக்காகப் பிறந்ததுதான். 1888-ல் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் பெல்ஃபாஸ்டில் தன் சின்ன மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓட வேண்டும் என்றுதான் அதைச் செய்தார். அப்பா பிள்ளைக்குச் செய்தது. இன்று அந்தக் காற்றைத்தான் அங்குலம் அங்குலமாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் முசியே ஒருவர் பழைய பிரெஞ்சுப் பத்திரிகைகளை வகுப்புக்குக் கொண்டுவருவார். அதில்தான் சித்ரோயன் டிஎஸ் காரை முதலில் பார்த்தேன். 1955-ல் பாரிஸ் கண்காட்சியில் வெளிவந்தது. ஸ்பிரிங்குக்குப் பதிலாகச் சக்கரத்துக்கு ஒன்றாக நைட்ரஜன் அடைத்த உருண்டை, அழுத்தத்தோடு ஓடும் எண்ணெய். எத்தனை பேர் ஏறினாலும் வண்டி தன் உயரத்தைத் தானே சரிசெய்துகொள்ளும். பின்னால் ரோல்ஸ் ராய்ஸ்காரர்களே சில்வர் ஷாடோ காருக்கு இந்த உயரம் சரிசெய்யும் முறையைச் சித்ரோயனிடம் உரிமம் பெற்றுத்தான் வைத்தார்கள். 1962 ஆகஸ்ட் 16-ல் புதுவை சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. ஆறே நாளில், ஆகஸ்ட் 22-ல், பாரிசுக்கு வெளியே பெட்டி கிளமாரில் தெகோல் வந்த டிஎஸ் காரைச் சுட்டார்கள். டயர்கள் குண்டு பட்டுக் கிழிந்தும் டிரைவர் வண்டியை நிறுத்தாமல் ஓட்டிக் காப்பாற்றினார். முசியே அதைச் சொல்லும்போது நாங்கள் கைதட்டினோம். பாதி வகுப்புக்குத் தெகோல் பிழைத்த சந்தோஷம், எனக்கும் இன்னும் சிலருக்கும் அந்தக் காரின்மேல் மோகம். எழுபது வருடத்துக்கு முந்தைய அந்த வண்டியின் டயரைப் படத்தில் பாருங்கள். மெல்லியது, ஆனால் நல்ல உயரமான பக்கச்சுவர். அது மிஷ்லேன் ரேடியல். இன்று எல்லா டயரிலும் இருக்கும் 'ஆர்' என்ற எழுத்தின் பூர்வீகம் அந்தக் கம்பெனி 1946-ல் வாங்கிய காப்புரிமை. அப்போது சித்ரோயனும் மிஷ்லேன் கையில்தான் இருந்தது. டயர் செய்கிறவனும் கார் செய்கிறவனும் ஒரே வீட்டுக்காரர்களாக இருந்ததால் பயணம் செய்கிறவனின் இடுப்பை நினைத்தார்களோ என்னவோ.

டிக்கியைத் திறந்தால் இன்னொரு வேடிக்கை. ஸ்டெப்னி இல்லை. காற்று கண்காணிக்கும் கருவியும் பஞ்சர் ஒட்டும் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி வேண்டாம் என்று 2020-ல் விதியையே திருத்திவிட்டார்கள். மாப்பிள்ளை காரில் இருப்பது ரன்-ஃபிளாட் டயர். காற்றுப் போனாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மிகாமல் 80 கிலோமீட்டர் தூரம் ஓடலாம். அதற்காகப் பக்கச்சுவரை இரும்பு மாதிரி விறைப்பாகச் செய்கிறார்கள், ஏற்கெனவே குறைந்த மெத்தை இன்னும் கட்டையாகிறது. மே மாதம் திண்டிவனம் போகும் வழியில் ஒரு பள்ளத்தில் இறங்கி முன்டயரின் பக்கச்சுவரில் கோலிக்குண்டு அளவு வீக்கம். பக்கச்சுவர் வீங்கினால் எந்தக் கிட்டும் உதவாது, ஒட்டவும் முடியாது. அந்த அளவு டயர் கையிருப்பில் இல்லை. எட்டு நாள் 60 லட்சம் ரூபாய் வாசலில் நின்றது. பேரப்பிள்ளைகள் ஆட்டோவில் பள்ளிக்கூடம் போனார்கள்.

காற்றின் அளவையாவது ஒழுங்காக வைக்கிறார்களா? டிரைவர் பக்கத்துக் கதவுத் தூணில் ஸ்டிக்கர் இருக்கிறது. ஆள் குறைவாகப் போனால் ஒரு அளவு, ஐந்து பேரும் மூட்டையும் என்றால் ஒரு அளவு. பங்கில் காற்றடிக்கும் பையன் எல்லோருக்கும் 40 வைத்து அனுப்புகிறான்.

அடுத்தது ஆயில். பிரெஞ்சில் ஆயில் மாற்றுவதை 'விதான்ழ்' என்பார்கள். காலி செய்தல் என்று அர்த்தம். புதுசை ஊற்றுவதைவிடப் பழசை வெளியேற்றுவதுதான் காரியம் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. சர்வீஸ்காரர்கள் 15,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், அதுவரை பானெட்டைத் திறக்கவே வேண்டாம் என்கிறார்கள். அதே கம்பெனி கையேட்டின் பின்பக்கங்களில் பொடி எழுத்தில் 'கடுமையான பயன்பாடு' என்று ஒரு பத்தி இருக்கிறது. குறுகிய தூரம், தூசி, வெயில், நின்று நின்று போகும் நெரிசல் ஆகியவை இருந்தால் சீக்கிரம் மாற்றச் சொல்கிறது. புதுச்சேரியில் இதில் எது இல்லை? மாப்பிள்ளையின் ஆபீஸ் மூன்று கிலோமீட்டர். எண்ணெய் நன்றாகச் சூடாவதற்குள் வண்டி நின்றுவிடுகிறது. எஞ்சினுக்குள் சேரும் ஈரமும் எரியாமல் வழியும் பெட்ரோலும் ஆவியாகிப் போக நேரமில்லாமல் எண்ணெயிலேயே தங்குகின்றன. டர்போ தாங்கும் எண்ணெய் அதுதான்.

எங்கள் காலத்து மினரல் ஆயிலைப் போல 3,000 கிலோமீட்டரில் மாற்றுங்கள் என்று நான் சொல்லவில்லை. இன்றைய சிந்தெடிக் ஆயில் எவ்வளவோ மேல். 7,500 அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அது. இந்தக் காருக்கு ஒரு தடவைக்கு 12,000 ரூபாய் கேட்கிறார்கள். இருக்கட்டும். நான் வேலை பார்த்த ஓர் ஆபீசில் ஒரு ஜீப்புக்கு ஆயில் மாற்ற பிப்ரவரியில் நோட் போட்டேன். நிதியாண்டு முடியட்டும் என்று திருப்பினார்கள். ஏப்ரலில் போட்டேன், புது ஒதுக்கீடு வரட்டும் என்றார்கள். ஜூனில் எஞ்சின் இறுகி வழியில் நின்றது. அந்தச் செலவுக்கு ஒரே வாரத்தில் கையெழுத்து வந்தது. அந்தப் பக்கத்தைச் சிவப்பு மையில் எழுதினேன், எழுதக் கூடாது என்று தெரிந்தே.

மாப்பிள்ளையிடம் நான் கேட்பது இரண்டே. அதே காருக்குக் கையேட்டிலேயே 225/55 ஆர் 17 என்ற அளவும் போட்டிருக்கிறது. பிரேக்குக்கு இடம் போதும், எடைத் தாங்கும் எண்ணும் சரி. வெளிச்சுற்றளவு ஏறத்தாழ அதேதான் என்பதால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. பக்கச்சுவர் 98-லிருந்து 124 ஆகும். ஒரு அங்குலம் காற்று, அவ்வளவுதான் நான் கேட்பது. "ரிம் சின்னதா இருந்தா கார் பார்க்க நல்லாருக்காது மாமா" என்கிறார். யார் பார்க்க? உள்ளே உட்காருகிறவர்களுக்கு ரிம் தெரியாதே.

இரண்டாவது, ஆயில். இன்று காலை மீட்டர் 6,140. வாங்கி எட்டு மாதம் முடிந்துவிட்டது. பழைய டைரி ஒன்றில் கோடு போட்டு லாக் புக் மாதிரி எழுதி வருகிறேன், மாப்பிள்ளைக்குத் தெரியாது. சென்னைக்கு அடுத்த தேதி வரும் 22. வாடகைக் காருக்குச் சொல்லிவிட்டேன்.