குல்மார்க்கில் பனிச்சறுக்குப் பாடம்

பனிச்சறுக்கு பழக மதுரைக்காரர்களுக்குக் கொடைக்கானல் உதவாது. அங்கே காண்பது புல்வெளியில் படியும் உறைபனி மட்டுமே. காஷ்மீரின் குல்மார்க்தான் தகுந்த இடம். சுமார் 2,650 மீட்டர் உயரத்திலுள்ள அவ்வூரில், மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பயிற்சி நிறுவனம் 1968 முதல் இயங்குகிறது. முதலில் கற்க வேண்டியது வேகமல்ல, நிறுத்துவது. சறுக்குப் பலகைகளின் முன்முனைகளை நெருக்கி, குதிகால்களை வெளிப்புறம் தள்ளினால் பலகைகள் ஆப்பு வடிவில் விரியும். உள்விளிம்புகள் பனியைக் கடிக்க, வேகம் அடங்கும். பயத்தில் உடலைப் பின்னால் சாய்ப்பதே புதியவர்களின் பெருந்தவறு. அப்போது பலகையின் முன்பகுதி பிடி இழக்கும், திரும்புவது கடினமாகும். முழங்காலைச் சற்று மடக்கி, பூட்ஸின் முன்பக்கத்தில் கால் அழுந்த நிற்க வேண்டும். விழுந்தால், பலகைகளைச் சரிவுக்குக் குறுக்கே வைத்த பிறகே எழ வேண்டும். கோண்டோலா எனும் கம்பிவட ஊர்தியில் அஃபர்வத் மலைக்கு ஏறிச் சறுக்கும் ஆசை அப்புறம். அந்தச் சரிவுகள் செங்குத்தானவை, பனிப்பாளம் சரியும் ஆபத்தும் அங்கே உண்டு.