இனிஷியலுக்கு அனுமதி இல்லை!

முன்பெல்லாம் தாலுகா ஆபீஸ் வாசலில் மேஜை போட்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். நாம் தப்பும் தவறுமாகச் சொன்னாலும் படிவத்தைச் சரியாக எழுதிக் கொடுப்பார். இப்போது படிவம் செல்போனுக்குள் போய்விட்டது. பெரியவர் கூடப் போகவில்லை. அவர் பார்த்த வேலைக்கு இன்றைய பெயர், 'வேலிடேஷன்'.

காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருக்கும் மாமா, "மாப்ள, பி.காம். படிச்சிருக்கறீங்க, கம்ப்யூட்டர்ல ஒரு ஆர்டர் ஃபாரம் போட்டுக் குடுங்க" என்றார். பி.காமுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று மாமாவிடம் கேட்க முடியுமா? ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து கற்றுக்கொண்டேன்.

முதல் பாடம், அகலம். தலையில் 'வ்யூபோர்ட்' என்று ஒரு வரி எழுதாவிட்டால், செல்போன் நம் பக்கத்தைச் சுமார் 980 பிக்ஸல் அகலமாக நினைத்துச் சுருக்கிவிடும். எழுத்தெல்லாம் எறும்பு! கட்டத்தின் அகலம் 100 சதவிகிதம் என்று சொல்லிவிட்டால் திரைக்குத் தக்கபடி விரியும், மடியும். இந்தச் சங்கதிக்கு 'ரெஸ்பான்ஸிவ்' என்று 2010-ல் பெயர் வைத்தவர் ஈதன் மார்காட் என்ற அமெரிக்கர்.

அடுத்தது, சோதனை. பின்கோடுக்கு 6 இலக்கம்; முதல் இலக்கம் பூஜ்யமாக இருக்காது. காங்கேயத்துக்கு 638701. ஜி.எஸ்.டி. எண்ணுக்கு 15 இடம்: முதல் இரண்டு மாநிலம் (நமக்கு 33), அடுத்த 10 பான் நம்பர், கடைசி இடம் முந்தைய 14-ஐ வைத்துக் கணக்குப் போட்டு வருவது. இதற்கெல்லாம் சட்டம் உண்டு, கறாராகச் சோதிக்கலாம்.

பெயருக்கு?

எங்கள் தெருப் பையன் ஒருவன் வேலைக்கு விண்ணப்பித்தான். கடைசி நாள், ராத்திரி பதினோரு மணி. 'லாஸ்ட் நேம் கட்டாயம்' என்று சிவப்பு எழுத்து. இனிஷியலைப் போட்டால் புள்ளி கூடாதாம். புள்ளியை எடுத்தால் ஓரெழுத்து போதாதாம். அப்பாவின் முழுப் பெயரைப் போட்டு அனுப்பினான். சான்றிதழில் இருப்பதோ வெறும் இனிஷியல். பெயர் பொருந்தவில்லை என்று தள்ளிவிட்டார்கள். பையன் மேல் தப்பா, கட்டத்தின் மேல் தப்பா?

ஆகவே, பெயருக்கு ஒரே கட்டம் போதும். புள்ளி, இடைவெளி, தமிழ் எல்லாவற்றையும் உள்ளே விடுங்கள். நீளத்திலும் கஞ்சத்தனம் வேண்டாம். 'காங்கேயம்' நமக்கு 5 எழுத்து. காலையும் கொம்பையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணும் கம்ப்யூட்டருக்கு 9!

இன்னொன்று. செல்போன் திரையில் நடக்கும் சோதனை வாசலில் நிற்கும் வாட்ச்மேன் மாதிரி. விஷயம் தெரிந்தவன் பின்வாசல் வழியாக வந்துவிடுவான். ஸர்வர் என்கிற கல்லாவில் மறுபடி ஒரு தடவை எண்ணித்தான் ஆகவேண்டும்.

தப்பு வந்தால் 'இன்வேலிட்' என்று மொட்டையாகத் திட்டாதீர்கள். 'பின்கோடில் ஓர் இலக்கம் குறைகிறதுங்க' என்று சொல்லுங்கள். அடித்த மற்றதையெல்லாம் அழித்துவிடாதீர்கள். மேஜைப் பெரியவர் ஒரு நாளும் படிவத்தைக் கிழித்து நம் முகத்தில் எறிந்ததில்லை.